மிச்சக் கன்னம்

அழுத்தக்கூடாது. எப்போதும் அதைத்தான் முதலில் சொல்வார், பேசிக்கொண்டிருந்த காலத்தில், இட்லியைப் பிட்டு மிளகாய்ப்பொடியில் புரட்டிக்கொண்டே, யாரோ வந்து கேட்டமாதிரி: "ரேசரோட கனமே போதும் சாரு. கையை வச்சு அழுத்துறவன்தான் வெட்டிக்கிறான்." யார் கேட்டது? தாடி முளைக்காத ஒரு பொம்பளையிடம் சவரத்தைப் பற்றி இத்தனை பிரசங்கம் பண்ணின மனுஷன் திருச்சி ஜில்லாவிலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். வேறு எது கேட்டாலும் ம். இந்தப் புடவை நல்லா இருக்கா, ம். நிரஞ்சனாவை அவ்வளவு தூரத்தில் மஸ்கட்டில் கட்டிக்கொடுக்கலாமா, ம். ஆனால் ரேசர் என்று வந்துவிட்டால் வாய் ஓயாது. வெந்நீர், பிரஷ், பிளேடு, சாய்வு, எல்லாவற்றுக்கும் ஒரு வியாக்கியானம். இப்போது எதற்கும் ம்தான். அதுவும் கேட்டதற்குப் பதிலா, தொண்டையில் சளியா என்று தெரியாத ஒரு ம். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை அவர் முகத்தில் போட்டு இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள் சாருமதி. துண்டுக்குக் கீழே அவருடைய மூச்சு சுடச்சுட வந்து போயிற்று. வைத்தியலிங்கம் பால்கனிப் பக்கமாக வெளிச்சம் விழுகிற இடத்தில் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வலது கையை அவள்தான் தூக்கி ஒரு தலையணையின்மேல் வைத்திருந்தாள், வேறு யாருடைய கையையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனமாதிரி. மாசி மாதம் ஒரு காலையில் அந்தப் பக்கம் முழுக்கப் போயிற்று. கை, கால், கூடவே பேச்சு. இடது பக்கம் பத்திரமாக இருக்கிறது. முடி ஊறணும். காய்ஞ்ச முடி கம்பி, ஊறின முடி நூல். அதுவும் அவர் சொன்னதுதான். இவ்வளவும் காதில் விழுந்து எங்கேயோ சேர்ந்திருக்கிறது பார், கேட்கவே மாட்டேன் என்று குழம்பைக் கிளறிக்கொண்டு நின்றவளுக்கு.

இன்றைக்கு ஒரு கீறல் விழக்கூடாது. ஒரே ஒரு கீறல், ஒரு பொட்டு ரத்தம், போதும், அவருடைய அக்கா திலகவதி கும்பகோணத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறாள். சமயபுரம் தாண்டியிருப்பாளோ? கும்பகோணத்திலிருந்து வருகிறவள் எதற்குச் சமயபுரம் தாண்டுகிறாள், புத்தி எங்கே போகிறது, திருவெறும்பூர் பக்கம் வந்திருப்பாள். போன வாரம் வந்ததே தப்பு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாளே, அதுவும் எந்த நேரத்தில், தெருமுனை சலூன்காரரை வீட்டுக்கு வரவழைத்து அவர் தாடைக்கு அடியில் ஒரு இழுப்பு இழுத்த நேரத்தில். சலூன்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லாருக்கும் இழுக்கிற மாதிரிதான் இழுத்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற உடம்பு என்று சொல்லியிருக்க வேண்டியது இவள். சின்ன வெட்டு, கடுகளவு. நிற்கவே இல்லை. துண்டு நனைந்து, பனியன் கழுத்து நனைந்து, அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வலிக்கிறதா எரிகிறதா ஒன்றும் கிடையாது, அப்போது பார்த்து வாசலில் திலகவதி, கையில் வாழைப்பழத்தோடு. "ஏண்டி, இது வீடா, கறிக்கடையா?" அதோடு விட்டாளா? மத்தியானத்துக்குள் சென்னைக்கு, மதுரைக்கு, மஸ்கட்டுக்கு என்று அத்தனை பேருக்கும் போன். தம்பி கழுத்தை அறுத்து வைத்திருக்கிறாள். அவளால் பார்த்துக்கொள்ள முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நான் அழைத்துக்கொண்டு போகிறேன், எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லை, ஆள் அம்பு இருக்கிறது. நிரஞ்சனா வேறு அங்கிருந்து, "அம்மா, அத்தை சொல்றதும் ஒரு வகையில நியாயம்தானேம்மா, உனக்கும் ரெஸ்ட்" என்கிறாள். ரெஸ்டாம். இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, வந்து தம்பியையே கேட்கப் போகிறாளாம், வருகிறாயா என்று. அவன் தலையை ஆட்டினால் நீ குறுக்கே நிற்கக்கூடாது சாரு. அவர் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவார். பூனைப் படத்தைக் காட்டி இது நாயா என்று பேச்சு வரவழைக்க வீட்டுக்கு வருகிற பயிற்சிப் பெண் கேட்டாள், ஆட்டினார். அல்லது தெரிந்தே ஆட்டுவாரோ. அதுதான். தெரிந்தே, இவளைப் பார்க்காமல், ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு, ஆட்டிவிட்டு அக்காவின் காரில் போய்விடுவாரோ. ஆட்டட்டும். போகட்டும். நன்றாகப் போகட்டும். அங்கே போய் அக்கா கையால் தாடி வளர்த்துக்கொண்டு சாமியார் மாதிரி உட்காரட்டும். துண்டு ஆறிவிட்டது. ஆறின துண்டை எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டு நிற்பாய்?

பிரஷ்ஷை நனைத்து, உதறி, சோப்புக் கிண்ணத்தில் சுற்றினாள். அவசரப்படாதே. நுரை மெத்துமெத்தென்று வரணும், இட்லி மாவு மாதிரி, தண்ணியா ஓடினா அது நுரை இல்லை, சோப்புத் தண்ணி. இவளுக்கு எதிலும் அவசரம். கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் பிராக்ரஸ் கார்டில் எழுதினாள், சாருமதி கெட்டிக்காரி, நாக்கை அடக்கினால் இன்னும் நன்றாக வருவாள் என்று. அப்பா அதைத் தமிழ்ப்படுத்தி எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடக்கவில்லை, வரவும் இல்லை, ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கன்னத்திலும், மேலுதட்டிலும், கழுத்திலும் வட்டம் வட்டமாக நுரையைப் பூசினாள், மோவாயில் நரைமுடி எங்கே, நுரை எங்கே என்று தெரியாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டார். ஆகா, சுகம். காலையில் அரைமணி நேரம் பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு இதைத்தானே அனுபவித்தீர், வெளியில் நான் கேஸ்காரனுக்கும் பால்காரனுக்கும் பதில் சொல்லிக்கொண்டு கிடக்க. போய்ப் பார்த்தால் வாஷ்பேசின் முழுக்க எறும்பு செத்துக் கிடக்கிறமாதிரி முடி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கழுவிவிட்டு வந்தது உண்டா? ரேசரை எடுத்தாள். கனமான பித்தளை, கைப்பிடியில் முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது, அடியில் திருகினால் மேலே இரண்டு கதவும் திறக்கும். புது பிளேடு போட்டிருந்தாள். பழைய பிளேடு வெட்டாது, பிடுங்கும். பிடுங்கினா எரிச்சல், எரிச்சல்ல கை அழுத்தும், அழுத்தினா வெட்டு. அவர் குரலிலேயே கேட்கிறது. இடது கன்னத்தில் காதுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தாள், அங்கே அவருக்கு உணர்ச்சி இருக்கிறது, எரிந்தால் முகம் சுளிப்பார், இவளுக்குத் தெரியும். வலது பக்கம் அப்படி இல்லை, தொங்கிப் போய், பாதி செத்த தோல், அதை அறுத்தாலும் சொல்லமாட்டார். சொல்லவே மாட்டார். தோலை இழுத்துப் பிடி. சாய்த்துப் பிடி. சின்னச் சின்னதாக. போற வாக்குல. முடிக்கு ஒரு வாக்கு இருக்கு சாரு, தடவிப் பார்த்தாலே தெரியும், அந்த வாக்குல போனா அது வழிவிடும், எதிர்வாக்குல போனா பழிவாங்கும். அன்றைக்கு இவள் சொன்னாள், "அப்ப நான் முழுக்க எதிர்வாக்கு, அதானே?" அவர் தட்டில் கை கழுவிக்கொண்டே சொன்னார், "ம்." நிஜமாகவே சிரித்தாரோ அன்றைக்கு? உதட்டோரம் ஏதோ போனமாதிரி ஞாபகம். அப்போதே கேட்டிருக்கணும்.

கர்ர் என்று மெல்லிய சத்தம். வரட்டியைச் சுவரிலிருந்து உரிக்கிறமாதிரி. நுரை போன இடத்தில் தோல் குழந்தைத் தோல் போல வந்தது, இவளுக்கு ஒரு நிமிஷம் கோபமே மறந்துபோயிற்று, பிறகு மறந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. ரேசரைக் குவளைத் தண்ணீரில் அலசினாள், தட்டாதே, அலசு, தட்டினால் முனை போகும். பேசாமல் இருப்பதை இந்த மனுஷனைப்போல ஒரு தொழிலாகச் செய்தவர் உண்டா? சண்டை போடு, திட்டு, தட்டைத் தூக்கி எறி, அது ஆம்பளை. இவர் நிறுத்திவிடுவார். குழாயை மூடுகிறமாதிரி. ஒரு வாரம், பத்து நாள், நிரஞ்சனா பிறந்த வருஷம் ஒரு முழு கார்த்திகை மாதம். காபி வேண்டுமென்றால் காலி டம்ளரைக் கொண்டுவந்து மேடையில் டங்கென்று வைப்பார். சுவரைப் பார்த்துச் சொல்வார், "இந்த வீட்ல ஒரு ஆள் வெளிய போறது யாருக்கும் தெரியவேண்டியதில்லை போல." குழந்தையைக் கூப்பிட்டு, அம்மாகிட்ட சொல்லு, சாவி ஆணியில இருக்குன்னு. அம்மா ரெண்டடி தள்ளி நிற்கிறாள்! முகத்தைப் பார்க்கமாட்டார், அதுதான் சட்டம், தோளைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், ஃப்ரிட்ஜைப் பார்ப்பார், பேச்சு விட்ட நாளிலிருந்து திரும்பப் பேசுகிற நாள்வரை கண்ணை மட்டும் பார்க்கமாட்டார். கடைசியாகப் பேச்சு விட்டது எதற்கு? ஒரு எழுத்துக்கு. ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்துக்கு. குடியிருப்போர் சங்கக் கூட்டம், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு, இவர் செகரட்டரி, எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் ரெசிப்ட் குடுத்தாச்சு, ரெசிப்ட் கிடைக்காதவங்க இருந்தா, என்று ஆரம்பிக்கிறார். ரெசிப்ட்டாம். இவளால் முடியவில்லை. சிஸ்டர் பெர்னதெத் இவள் பல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறாள், நைஃப்பில் கே சைலண்ட், சைக்காலஜியில் பி சைலண்ட், தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று. பெண்கள் வரிசையிலிருந்து வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ரெசீட். பி சைலண்ட்." அவ்வளவுதான். அதோடு போயிருக்கும். மூன்றாம் மாடி பார்த்திபன் இருக்கிறானே, எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவன், அவன் எழுந்து, "செகரட்டரி சார், மேடம் உங்களை பி சைலண்ட்ங்கிறாங்க! பேசாம இருன்னு வீட்டு ஆர்டர் வந்துருச்சு, உக்காருங்க சார்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைகள்கூட. இவளும், மாதாவே, இவளும் சிரித்தாள். அவர் கையிலிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து சைலண்ட்.

மேலுதடு. இங்கே கவனம். மூக்கை லேசாகத் தூக்கிப் பிடித்தாள், மூக்கைப் பிடித்ததும் கண்ணைத் திறந்தார், அவள் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார். பாருங்கள், பாருங்கள், துணி காய்கிறது, அதைப் பாருங்கள். பேசாமலிருந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும் அப்போது. அந்த மாசி மாதக் காலை. இவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். சமையலறை வாசலில் வந்து நின்றார். இடது கன்னம் வழவழவென்று முடிந்திருக்கிறது, வலது கன்னம் முழுக்க நுரை, நுரை வழிந்து மோவாயிலிருந்து தரையில் சொட்டுகிறது, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. பழித்துக்காட்டுகிறார் என்று நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? ஊமையாக நிற்கிறவர் தினம் தினம் ஊமையாக நிற்கிறவர்தானே? இன்றைக்கு நிற்பது வேறு ஊமை என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருந்தது? "பேசலேன்னா பேசாதீங்க. இங்க வந்து நுரையைச் சொட்டாதீங்க, இப்பத்தான் துடைச்சேன்" என்றாள். நின்றார். "பேசாதீங்க, போங்க!" போனார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்டது, அதுவும் வேண்டுமென்றேதான் என்று இவள் கொத்தவரங்காயை இன்னும் வேகமாக நறுக்கினாள். குக்கர் வைத்தாள். துணி போட்டாள். பால்காரனோடு ஒரு சண்டை. பிறகுதான், ரொம்ப நேரம் கழித்துத்தான், குழாய்ச் சத்தமே கேட்கவில்லையே என்று. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், கன்னத்து நுரை காய்ந்து சுண்ணாம்பு போல உரிந்துகொண்டிருந்தது. எப்ப ஆரம்பிச்சதும்மா, என்று டாக்டர் கேட்டார், சின்னப் பையன், நல்ல பையன், இதுல நேரம்தாம்மா எல்லாம், கரெக்டா சொல்லுங்க. இப்பத்தான் டாக்டர். இப்பத்தான், இப்பத்தான். அவர் எழுதிக்கொண்டார். அது பொய் என்று உலகத்தில் இவளைத் தவிர ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தருக்குத்தான் வாய் இல்லை. பேச்சு எப்ப வேணாலும் வரலாம் ஆன்ட்டி, பழகின வார்த்தை, பாட்டு, திட்டு, அப்படி ஏதாவது ஒண்ணு முதல்ல வரும், என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து இவளுக்குத் தூக்கம் போயிற்று. வரணும். வந்தால் முதலில் என்ன சொல்வார்? நான் வந்து நின்னேன், இவ போகச் சொன்னா. சொல்லட்டுமே! அக்காகிட்டயே சொல்லட்டும்! பதில் வைத்திருக்கிறாள், குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்: பேசுகிற மனுஷனா இருந்திருந்தா பேச்சு நின்னது தெரிஞ்சிருக்கும்! ஆறு மாசமாக இப்போதும் தெரியவில்லையே, முடியாமல் பேசவில்லையா, கோபத்தில் பேசவில்லையா, எந்த டாக்டர் வந்து இதைப் பிரித்துச் சொல்வார்?

கழுத்து. தலையைப் பின்னால் சாய்த்து நாற்காலி விளிம்பில் துண்டைச் சுருட்டி வைத்தாள். தொண்டை மேலே வந்தது. குரல்வளை ஒரு தரம் ஏறி இறங்கிற்று, பக்கத்தில் நரம்பு துடிக்கிறது, டக் டக் டக் என்று, தோலுக்குக் கீழே ஒரு பல்லி இருக்கிறமாதிரி. போன வார வெட்டு சிவப்புக் கோடாக ஆறிக்கொண்டிருந்தது. ரேசரைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தக்கூடாது. கோபத்துக்கு எவ்வளவு கனம் இருக்கும்? ரேசரோட கனமே போதும் என்று சொன்னாரே, கையில் இருக்கிற கோபத்தின் கனத்தை எங்கே கொண்டு வைப்பது என்று சொன்னாரா? எத்தனை கார்த்திகை, எத்தனை டம்ளர், டங், டங். இந்தக் கைதான். ஒரு இழுப்பு. சீ. சீ, என்ன ஜென்மம் நீ. கையை எடுத்துவிட்டாள். நடுங்குகிற கையோடு ரேசரைத் தொடாதே, அதுவும் அவர் சொன்னதுதான், ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்து செய், தாடி எங்கயும் ஓடிடாது. காபிக்கு நேரமில்லை, கீழே ஏதோ கார் வந்து நிற்கிறது. மறுபடி வைத்தாள். மேலிருந்து கீழே ஒரு சின்ன இழுப்பு, நன்றாக வந்தது. இன்னொன்று. தாடைக்கு அடியில் வந்ததும் சிக்கிற்று. சட்டென்று நிறுத்தினாள். விரலால் தடவிப் பார்த்தாள், கீழ்நோக்கி வந்த முடி அங்கே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. சுழி. தாடைக்கு அடியில் ஒரு சுழி. இத்தனை வருஷம் ஒரே தலையணையில் படுத்தவளுக்குத் தெரியாது. சலூன்காரர் வெட்டினதும் இங்கேதான். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒரு முடிக்கு எதிர்வாக்கு. "இது எந்த வாக்குங்க?" என்று கேட்டே விட்டாள், பதில் வராது என்று தெரிந்த ஆளிடம், எரிச்சலோடு, "எந்தப் பக்கம்தான் போகுது உங்க முடி? வாயைத் திறந்து சொன்னா என்ன?" இடது கை எழுந்தது. மெதுவாகத்தான் எழுந்தது, எங்கேயோ அரிக்கிறது போல என்று நினைத்தாள், வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கெட்டியாக. பயந்துபோனாள். தடுக்கிறார், நம்பவில்லை, இவள் ஒரு நிமிஷம் முன்னால் நினைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. கை அவள் மணிக்கட்டைத் திருப்பிற்று. கொஞ்சம்தான். ரேசரின் தலை கீழ்நோக்கி இருந்தது காதுப் பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் அந்தக் கையே அவள் கையோடு நகர்ந்தது, அரை விரற்கடை, நிறுத்தம், இன்னும் அரை விரற்கடை. கர்ர். முடி வழிவிட்டது.

அப்போதுதான் அழைப்பு மணி. கிர்ரென்று, தலைக்குள்ளேயே அடித்தமாதிரி. சாருமதியின் கை துள்ளிற்று, துள்ளியிருக்கும், ஆனால் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார், பிளேடு இருந்த இடத்தில் இருந்தது. ரேசரை எடுத்துப் பார்த்தாள், தோலைப் பார்த்தாள், ஒன்றுமில்லை, சிவப்பு இல்லை. கதவு தாழ் போடவில்லை, நடுவில் எழுந்து போக வேண்டாமென்று காலையிலேயே சாத்தி மட்டும் வைத்திருந்தாள். திலகவதி தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், பின்னால் டிரைவர் காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு. காலிப் பெட்டி! துணி எடுத்து வைக்க! "என்னடி இது கோலம்? பாதி மூஞ்சியோட உக்கார வச்சிருக்கே? மறுபடியும் கத்தியைத் தூக்கிட்டியா நீ?" "இது கத்தி இல்லை அண்ணி, ரேசர்." "ஏதோ ஒண்ணு. எங்க, காட்டு, கழுத்தைக் காட்டுடா தம்பி. போன வாரத்துக் காயமே ஆறலை பாரு. ஏன்டி, நாலு நாள் தாடி விட்டா என்ன குடி முழுகிரும்? அவன் ஆபீஸுக்கா போறான்?" சாருமதி வாயைத் திறந்தாள், வாய் நிறைய இருந்தது, குளிக்கும்போது சேர்த்து வைத்ததெல்லாம், ஆனால் திலகவதி அதற்குள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம்பிக்கு நேரே உட்கார்ந்துவிட்டாள். "இங்க பாரு. நான் உன்கிட்டதான் கேக்குறேன், அவகிட்ட இல்லை. அக்காகூட வர்றியா? தனி ரூம், கட்டில் எல்லாம் போட்டாச்சு. வர்றேன்னா தலையை ஆட்டு, போதும்." அவர் அக்காவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இடது கன்னம் வழவழவென்று, வலது கன்னம் முழுக்க நுரை, வாய் ஒரு பக்கமாகக் கோணி. அதே முகம். அச்சாக அதே முகம். பிறகு தலையைத் திருப்பி இவளைப் பார்த்தார். தோளை இல்லை. கையை இல்லை. கண்ணை. சாருமதிக்கு எங்கேயோ ஒன்று நழுவிற்று: அன்றைக்கும் கண்ணைத்தான் பார்த்தார். கொத்தவரங்காய், சொட்டுகிற நுரை, கோணின வாய், எல்லாவற்றையும் பார்த்தாயே, அதைப் பார்த்தாயா முட்டாள்? பேச்சு விட்ட மனுஷன் கண்ணைப் பார்க்கமாட்டாரே. அவராக வந்து நின்று, நேராக இவள் கண்ணைப் பார்த்தாரே. பேசத்தானே வந்திருக்கிறார்.

"ஆட்டுடா, தம்பி. பயப்படாதே. அவளுக்காகப் பாக்காதே. நான் இருக்கேன்ல? நீ எங்க இருந்தா நல்லா இருப்பேன்னு எனக்குத் தெரியாதா, அம்மா போனப்புறம் உன்னை வளர்த்தவ நான், உன் உடம்பு என்ன, உன் வயிறு என்ன," திலகவதி பேசிக்கொண்டே போனாள், எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல், அவருடைய உதடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டின. ஒட்டிப் பிரிந்தன. நுரை ஒரு குமிழாக வந்து உடைந்தது. "பி," என்றார். "பி… சை…" "என்னடா? என்ன ராஜா? பிசையா? சோறு பிசைஞ்சு தரணுமா? கேட்டியாடி, சோறு கேக்குறான்! பட்டினி போட்டிருக்கே நீ! அக்கா பிசைஞ்சு ஊட்டுறேன்டா கண்ணு, வீட்டுக்கு வா, ரசஞ்சோறு…" அவர் தலையை இல்லை என்று அசைத்தார், ஒரு தரம், நன்றாக, குழந்தைகூடப் புரிந்துகொள்கிறமாதிரி. இடது கையைத் தூக்கி, அக்காவின் வாய்க்கு நேரே ஒரு விரலை நிறுத்தினார். "சைலண்ட்," என்றார். நாக்கு குழறிற்று, கடைசி எழுத்து பல்லுக்கு நடுவில் காற்றாகப் போயிற்று, ஆனால் உச்சரிப்பில் ஒரு தப்பு இல்லை. திலகவதி டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள். சாருமதிக்குக் காதெல்லாம் சூடாயிற்று. ஆறு மாசமாக அதையா அங்கே வைத்திருந்தீர்? பூனை வரவில்லை, தண்ணீர் வரவில்லை, பெற்ற பெண்ணின் பேர் வரவில்லை, இது வந்ததா, நான் சொன்ன இது? இருங்கள். உங்களுக்கு இருக்கிறது. ஒரு பார்த்திபனை, ஒரு கார்த்திகை மாதத்தை, ஒன்றையும் விடுவதாக இல்லை, உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், ம் என்று சொன்னால் தீர்ந்தது. கண்ணில் ஏதோ வழிந்து மூக்கு நுனிக்கு வந்தது, இரண்டு கையிலும் சோப்பு, துடைக்க வழியில்லை. அவர் விரலை இறக்கி வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார், நுரை காய ஆரம்பித்திருந்தது, பிறகு அந்தக் கன்னத்தை இவள் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். "அண்ணி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள் சாருமதி. பிரஷ்ஷை நனைத்துக் காய்ந்த இடத்தில் மறுபடி நுரை ஏற்றினாள். தொங்கிப்போன தோலை விரலால் மேலே இழுத்துப் பிடித்தாள், சாய்த்து வைத்தாள், கனத்தை ரேசரிடமே விட்டாள். அவருடைய உதடு மறுபடியும் ஒட்டிக்கொண்டு எதற்கோ முயன்றது.

"பேசாதீங்க," என்றாள். "வெட்டிரும்."